மாடிப்படிக்கு அடியில் ஒரு பட்டறை

சைக்கிள் பட்டறைக்கு முதலில் வேண்டியது இடம். ஸ்பேனரெல்லாம் அப்புறம். இடம் என்றால், கழற்றிப் போட்டதை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக்கூடிய இடம். செயின் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் கிடக்கும்போது, "ராத்திரிக்குள்ள எல்லாத்தையும் எடுத்து வைங்க, காலையில கோலம் போடணும்" என்ற குரல் அங்கே வரக்கூடாது. அவசரத்தில் மாட்டின நட்டுதான் நடுரோட்டில் கழலும். வாசல், ஹால், கிணற்றடிச் சந்து மூன்றையும் யோசித்துப் பார்த்துத் தள்ளியாயிற்று. எங்கள் அம்பத்தூர் வீட்டில் மிஞ்சியது மாடிப்படிக்கு அடியும், அதை ஒட்டி கார் நிறுத்துவதற்கென்று விட்டு, கார் வாங்காததால் காலியாகக் கிடக்கும் இடமும்தான்.

*

மாடிப்படிக்கு அடியில் ஏற்கெனவே ஒரு குடித்தனக்காரர் உண்டு: இன்வெர்ட்டர். நம்மூர் வீடுகளில் இன்வெர்ட்டர், ஈ.பி. மீட்டர், பழைய பேப்பர், சைக்கிள் எல்லாவற்றுக்கும் அதே மூலைதான். தண்ணீர் ஊற்றுகிற ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். கூடவே கண்ணுக்குத் தெரியாத ஆசிட் தூவலும் வரும். பக்கத்தில் இருக்கிற இரும்பெல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். சைக்கிளில் முதலில் அடி வாங்குவது கம்பிகளும் செயினும். உள்ளேயே நிற்கிற வண்டிக்கு எப்படித் துரு என்று பலர் குழம்புவது இதனால்தான்.

இன்னொன்று, பஞ்சர் சொல்யூஷனும் மண்ணெண்ணெயும் ஆவியாகிற சரக்கு. ரிலே டப்பென்று தட்டுகிற இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் அவற்றை வைக்கக்கூடாது. ஒன்று பேட்டரி போக வேண்டும், அல்லது சைக்கிள் போக வேண்டும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பேட்டரியைப் பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் காற்றாட மாற்றச் சொன்னேன். இந்தப் பட்டறைக்கு நான் செய்த செலவுகளில் உருப்படியானது அதுதான்.

*

வண்டிக் கணக்கு. அப்பாவின் ஹெர்குலிஸ். முன்னால் பார், பின்னால் மூட்டை கட்டுகிற கேரியர். அது பிறந்த ஊரும் இதுவே. முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் தொழிற்சாலை அம்பத்தூரில்தான் வந்தது. அடுத்தது மனைவியின் லேடி பேர்டு, அதே கம்பெனி. பிறகு மகளின் கியர் சைக்கிள். கடைசியாக, தம்பி மகன் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் கொடுத்த அரசு சைக்கிள். அவன் பைக் வாங்கியதும் அது இங்கே வந்து சேர்ந்தது. 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிய திட்டம், சில வருஷத்தில் மற்ற மாணவியருக்கும் மாணவர்களுக்கும் விரிந்தது. படிப்பு முடிந்த பிறகும் அந்தச் சைக்கிள்கள் வீடுகளில் நின்றுகொண்டிருக்கின்றன. பலவற்றுக்கு ஒரு டியூப் மாற்றினால் போதும், ஓடும்.

*

தினமும் எடுக்கிற வண்டி, வேறெந்த வண்டியையும் நகர்த்தாமல் வெளியே வர வேண்டும். மற்ற எந்த விதியை மீறினாலும் இதை மீறக்கூடாது. நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்தால் ஒன்றின் பெடல் அடுத்ததின் கம்பிக்குள் நுழையும், ஹேண்டில்பார் பிரேக் ஒயரில் மாட்டும், பிரித்தெடுப்பதற்குள் வியர்த்துவிடும். பைக் சாவியை எடுப்பதே சுலபம் என்று தோன்றிவிடும். ஜனங்கள் சைக்கிளை விட்டதற்கு முழங்கால் வலியைவிட இந்தப் பெடல் சிக்கல்தான் பெரிய காரணம் என்பது என் சந்தேகம்.

ஒன்றை முன்பக்கமாகவும் அடுத்ததைப் பின்பக்கமாகவும் மாற்றி மாற்றி நிறுத்தினால் ஹேண்டில்பார்கள் இடித்துக்கொள்ளாது. தரையில் பெயிண்டால் கோடு போட்டிருக்கிறேன். கோடு இருந்தால் பிள்ளைகள் ஒழுங்காக நிறுத்துகிறார்கள், பெரியவர்கள்தான் இல்லை.

*

சுவரில் தொங்கவிடுவது. படத்தில் அழகாக இருக்கும். ஹெர்குலிஸ் மாதிரி பெரிய சைக்கிள் 20 கிலோ வரும். அதைத் தோளுக்கு மேல் தூக்கி ஒரு கொக்கியில் மாட்டி இறக்குவது அன்றாடம் ஆகிற காரியமா? அது ஸ்டாண்டு போட்டு நிற்கப் பிறந்த வண்டி, நிற்கட்டும். கியர் சைக்கிளை மட்டும் தொங்கவிடலாம்.

செங்கல் சுவராக இருந்தால் துளை போட்டு ஆங்கர் போல்ட் இறக்கலாம். பூச்சில் மட்டும் பிடித்து நிற்கக்கூடாது, செங்கல்லுக்குள் போக வேண்டும். ஹாலோ பிளாக் சுவரில் அந்த வேலை வேண்டாம், உள்ளே வெறும் காற்று. தளத்தில் மாட்டுவதானால் கான்கிரீட்டுக்குள் பொருத்திய கொக்கி. நான் இன்னொரு வழிக்குப் போனேன். கிணறு இருந்த வீடுகளில் பரணில் கப்பி ஒன்று கட்டாயம் கிடக்கும். கிணறு தூர்ந்து போர் போட்டு எத்தனையோ காலம் ஆனாலும் கப்பியைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வருவதில்லை. அதற்கு எண்ணெய் விட்டு, ஜோடியாக இன்னொன்று வாங்கி, தளத்துக் கொக்கிகளில் மாட்டி, நைலான் கயிற்றில் ஹேண்டில்பாரையும் சீட்டையும் கட்டி இழுத்தால் சைக்கிள் படுத்தவாக்கில் மேலே போய்விடும். கயிற்றை முடிகிற கொக்கி மட்டும் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

*

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு: பால்கனியில் வைத்தால் வெயில், கார் நிறுத்தத் தூணில் கட்டினால் அசோசியேஷன். இரண்டில் அசோசியேஷனைச் சமாளிப்பது மேல். வெயில் டயரை வெடிக்கவிட்டு விடும், சமாதானம் பேச முடியாது.

*

மேசை. கடப்பா கல் பலகை ஒன்று மீந்து கிடந்தது. பொருள் அடுக்க அது நல்லது. எண்ணெய் பட்டாலும் துடைத்தால் போச்சு. ஆனால் சுத்தியல் வேலைக்கு ஆகாது, வைஸ் மாட்டவே ஆகாது. ஓரத்தில் இறுக்கினால் பிளக்கும். வைஸுக்குக் கனமான மரம் வேண்டும். பழைய வீடு இடிக்கிற இடத்தில் கதவுப் பலகை வாங்கலாம். தேக்கு என்று விலை சொல்வார்கள், பெரும்பாலும் வேறு ஏதோ மரமாக இருக்கும், நமக்கு அதுவே போதும். 4 இஞ்ச் வைஸ். மேசை உயரம் நின்றால் முழங்கைக்குச் சற்றுக் கீழே. தாழ்ந்திருந்தால் முதுகு போகும், உயர்ந்திருந்தால் அரம் பிடிக்கும்போது தோள் போகும்.

*

தரைக்குப் பழைய ஃபிளெக்ஸ் பேனர். இதைவிட நல்ல தரைவிரிப்பு எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. எண்ணெய் இறங்காது, மண்ணெண்ணெயில் துடைக்கலாம், கிழிந்தால் அடுத்த காதுகுத்து வரும். அச்சடித்த பக்கம் கீழே இருக்கும்படி போடுவது உத்தமம். அரசியல் காரணம் எதுவுமில்லை, அந்தப் பக்கம் வழுக்குகிறது. தவிரவும், கீழே விழுந்த பால்ஸை ஒருவர் சட்டை டிசைனுக்குள் தேடுவது கஷ்டம்.

*

பால்ஸ் என்றதும்: ஹப் கழற்றும்போது கீழே ஓரம் உயர்ந்த எவர்சில்வர் தாம்பாளம் வைக்க வேண்டும். பெரிய சைக்கிளின் பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 பால்ஸ், கால் இஞ்ச் சைஸ். தாம்பாளத்தில் 18 எண்ணிவிட்டுத்தான் அடுத்த வேலை. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று பக்கத்தில் இருந்தால், அலமாரிக்கு அடியில் ஓடினவை தாமாக வந்துவிடும்.

கழற்றின வாஷர், கோன், நட்டு எல்லாவற்றையும் கழற்றின வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து நுனியை மடக்கி வைக்கிறேன். திருப்பி மாட்டும்போது கம்பியின் கடைசியிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தால் போதும். வேலை நடுவில் நின்று ஒரு வாரம் கழித்துத் தொடர்ந்தாலும் யோசிக்க வேண்டியதில்லை. டப்பாவில் கொட்டி வைத்தால் எல்லா வாஷரும் ஒரே முகம்.

*

விளக்கு: ஒரே டியூப்லைட்டைத் தலைக்குப் பின்னால் மாட்டினால் நம் நிழலில் நாமே வேலை செய்ய வேண்டிவரும். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு எல்.இ.டி. டியூப். கியர் பக்கம் பார்க்க நெற்றியில் கட்டுகிற லைட்.

*

கருவிகளை வாங்கும் விஷயத்தில் நிதானம் வேண்டும். பிராட்வே பக்கத்துத் தெருக்களில் டூல்ஸ் கடைகளில் நுழைந்தால் எல்லாமே அவசியம் என்று தோன்றும். பெட்டியாக விற்கிற செட்டில் பாதி நம் கைக்கு வராது, மீதியின் இரும்பு மோசம். ஒவ்வொன்றாக, வேலை வரும்போது வாங்குவதுதான் சரி.

முதல் தவணை: ஓப்பன் ஸ்பேனர் 8இலிருந்து 17 வரை, 15க்கு மட்டும் நீண்ட கைப்பிடியோடு ஒன்று (பெடலுக்கு). அலன் கீ செட். 4, 5, 6 மூன்றும்தான் தேயும். நல்ல திருப்புளி இரண்டு, கட்டிங் பிளேயர், அரைக் கிலோ சுத்தியல், அரம், டயர் லிவர் மூன்று. மீட்டர் வைத்த கால் பம்பு. இத்தனையும் கைக்கு வந்து பழகிய பிறகு செயின் கட்டர், கம்பி முறுக்குகிற நிப்பிள் கீ, கோனுக்கான தட்டை ஸ்பேனர்.

பழைய சைக்கிள்களின் நட்டுகள் இஞ்ச் கணக்கில் வந்தவை. மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடித்த மாதிரியே இருக்கும், அழுத்தும்போது வழுக்கி முனையை உருட்டிவிடும். ஹெர்குலிஸுக்கென்றே கடைக்காரர்கள் வைத்திருக்கிற பழைய ஸ்பேனர்களைக் கண்டால் எடைக்குப் போடுவதற்குள் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

*

ரைட் சகோதரர்கள் 1892இல் அமெரிக்காவின் டேட்டன் ஊரில் சைக்கிள் கடை போட்டார்கள். பத்து வருஷம் கழித்து விமானத்துக்கு எஞ்சின் வேண்டுமென்றபோது, கடையில் மெக்கானிக்காக இருந்த சார்லி டெய்லர் ஒரு லேத்தையும் ஒரு துளை போடுகிற மெஷினையும் வைத்துக்கொண்டு சுமார் ஆறு வாரத்தில் அதைச் செய்து முடித்தார். 1903இல் பறந்த அந்த விமானத்தின் விசிறிகளைச் சுழற்றியது செயினும் பல்சக்கரமும். டூல்ஸ் கடையில் கை நீளும்போதெல்லாம் டெய்லரை நினைத்துக்கொள்வது பர்ஸுக்கு நல்லது.

*

பெடல் மரை. வலது பெடலுக்கு வழக்கமான மரை, இடது பெடலுக்கு எதிர்மரை. கால் மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்கத் தேவையில்லை. ஸ்பேனரைப் பெடலில் மாட்டி மேல்நோக்கி நிறுத்திக்கொண்டு, பின்சக்கரம் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இரண்டும் இறுகும். மாட்டும்போது மரையில் துளி கிரீஸ், முதல் மூன்று சுற்றும் வெறும் கையால். கையால் போகவில்லை என்றால் தப்பான பெடல், அல்லது கோணலாகப் பிடித்திருக்கிறது. ஸ்பேனரால் வம்பு செய்தால் கிராங்க் போய்விடும்.

*

காட்டர் பின், அதாவது கிராங்கை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கிற ஆப்பு. பெரிய சைக்கிள் வைத்திருப்பவர் ஒருநாள் இதைச் சந்தித்தே தீர வேண்டும். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு 'டக்' கேட்டால், பெடல் ஒரு நூல் முன்னே பின்னே ஆடினால், பின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

எடுப்பது: நட்டை முழுசாகக் கழற்றக் கூடாது. நுனியோடு சமமாக வரும் அளவுக்குத் தளர்த்தி விட வேண்டும், மரை அடிபடாமல் இருப்பதற்கு. பிறகு கிராங்குக்கு அடியில், பின்னின் தலை இறங்க ஓட்டை விட்டு, கனமான இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைத் தரையிலிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அடியெல்லாம் உள்ளே இருக்கிற பால்ஸுக்கும் கப்புக்கும் போய், புதுப் பின் போட்ட பிறகும் பெடல் கரகரக்கும். முட்டுக் கொடுத்து ஒரே அடி, நிதானமாக, பலமாக. பத்து சில்லறை அடியில் பின் வளையும், வெளியே வராது. வளைந்துவிட்டால் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மாட்டுவது: புதுப் பின்னின் சரிவு ஆக்சிலின் வெட்டோடு ஒட்டி உட்காருவது அபூர்வம். வைஸில் பிடித்து அரத்தால் ராவ வேண்டும். இரண்டு இழுப்பு, போட்டுப் பார்ப்பது, எடுத்து மறுபடி இரண்டு இழுப்பு. பளபளப்பு சரிவு முழுவதும் பரவலாகத் தெரிந்தால் நன்றாக ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் மட்டும் தெரிந்தால் அங்கே மட்டும்தான் தொடுகிறது. இரண்டு பின்னும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்க வேண்டும். கிராங்க் இரண்டும் படுக்கையாக இருக்கும்போது ஒன்றின் நட்டு மேலே, மற்றதின் நட்டு கீழே. ஒரே பக்கம் போட்டால் பெடல்கள் ஒரு நேர்கோட்டில் நிற்காது.

*

ஸ்பேர் சாமான் விஷயத்தில் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டியிருக்கிறது. பழைய சைக்கிளுக்கு எதையும் வாங்கி அடுக்க வேண்டாம், புதுசுக்குத்தான் வாங்கி வைக்க வேண்டும்.

பெரிய சைக்கிளின் சாமான்கள் நாடு முழுக்க ஒரே வார்ப்பு. லூதியானாவில் செய்த ஆக்சில் அம்பத்தூர் ஹப்பில் உட்காரும். 1951இல் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ் கம்பெனியின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூனில் உற்பத்தியை நிறுத்தியது. அன்றைக்கு உலக சைக்கிள் தினம் வேறு. அட்லஸ் வைத்திருப்பவர்கள் யாரும் அதனால் சாமானுக்குத் திண்டாடவில்லை. பெட்டிக்கடை அளவில் இருக்கிற சைக்கிள் கடையிலும் கோன், கப், பிரேக் கட்டை, காட்டர் பின் தொங்கும்.

கியர் சைக்கிளுக்கு அப்படி இல்லை. பின்சக்கரத்து கியர் கை மாட்டுகிற ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு, வண்டி சாய்ந்தால் ஃபிரேமைக் காப்பாற்றத் தான் வளைவதற்கென்றே வைத்தது. மாடலுக்கு மாடல் வேறு உருவம். தெருக்கடையில் இருக்காது, வரவழைக்க நாளாகும். டிஸ்க் பிரேக் பேடும் அதே கதை. ஆகவே அலமாரியில் ஒரு ஹேங்கர், ஒரு ஜோடி பேட், ஒரு கியர் கேபிள், ஒரு டியூப். அவ்வளவுதான்.

*

டயர் சைஸை நம்பி டியூப் வாங்கக்கூடாது, டயர் பக்கத்தில் அச்சிட்டிருக்கிற நீள எண்ணைப் பார்க்க வேண்டும். லேடி பேர்டு மாதிரி சைக்கிள்களில் வருகிற 26 × 1⅜ என்றால் ரிம் அளவு 590 மில்லிமீட்டர். மலை சைக்கிள் என்று விற்பதில் வருகிற 26 என்றால் 559. இரண்டையும் கடையில் "இருபத்தாறு" என்றுதான் கேட்பார்கள், டயர் ஒன்றுக்கொன்று ஏறாது. பெரிய சைக்கிளின் 28 × 1½க்கு 635. 700 சி என்றால் 622. நான்கையும் அலமாரிக் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.

*

பஞ்சர். சீமைக் கருவேல முள் ஊரெல்லாம் இருக்கும்வரை இந்த வேலைக்கு ஓய்வில்லை. டியூபை ஒட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். முறிந்த முள்நுனி ரப்பருக்குள்ளேயே இருந்தால் ஒட்டிய மறுநாளே அதே இடத்தில் குத்தும். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பேட்ச் வைக்கிற வரை கை சும்மா இருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுகிறவர்கள்தான் பஞ்சர் கடைக்கு இரண்டாம் தடவை போகிறார்கள். தொட்டால் விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும்போது வைத்து அழுத்த வேண்டும். திறந்த சொல்யூஷன் டியூப் அடுத்த தேவைக்குள் காய்ந்துவிடும். பெரியது ஒன்று வாங்காமல் சின்னதாக நாலு வாங்குவது லாபம்.

பழைய மாதிரி வால்வு உள்ள டியூபில் காற்று இறங்கினால் பஞ்சர் என்று முடிவு கட்டுவதற்கு முன் வால் டியூபைப் பார்க்க வேண்டும். நம் வெயிலில் அந்தச் சின்ன ரப்பர் குழாய் உளுத்துப் பிசினாகிவிடும். ஒரு முழம் வாங்கி, பவுடர் டப்பாவில் பவுடரோடு போட்டு வைத்தால் ஒட்டாமல் கிடக்கும்.

*

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கத்தை நிறுத்தினால் சைக்கிள் நம்மை வாழ்த்தும். கைவசம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக விடுகிறோம். மார்கழியில் உறையும், தூசியைப் பிடித்துக் கறுப்பு மசியாகும். தையல் மெஷின் எண்ணெய் போதும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, பெடலைப் பின்னுக்குச் சுற்றிக்கொண்டே, பிறகு வெளியே தெரிகிற எண்ணெய் மொத்தத்தையும் துடைத்துவிட வேண்டும். வேலை செய்வது உள்ளே இறங்கின எண்ணெய்தான், வெளியே மினுங்குவது மண்ணைச் சேர்க்க மட்டுமே உதவும்.

துடைப்பதற்கு, ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிற பனியன் வேஸ்ட். அதற்கு மேல் ஒரு ரகம் உண்டென்றால் பழைய லுங்கி.

டபிள்யூ.டி. 40 ஸ்ப்ரேயை எண்ணெய் என்று நினைத்து அடிக்கிறார்கள். ஈரத்தை விரட்டுவதற்காக 1953இல் அமெரிக்காவில் செய்த கலவை அது, நாற்பதாவது முயற்சியில் வாய்த்ததால் அந்த எண். இறுகின நட்டைத் தளர்த்தவும், மழையில் நனைந்த செயினிலிருந்து தண்ணீரை ஓட்டவும் நல்லது. அதற்கப்புறம் எண்ணெய் விடத்தான் வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்குப் பக்கத்தில் எந்த ஸ்ப்ரேயும் கூடாது. ஒரு தூறல் தகட்டில் பட்டால் பேட் கெட்டது, பிரேக் கத்தும், பிடிக்காது.

மண்ணெண்ணெய் ரேஷனில் அரிதாகிவிட்டதால் கழுவ டீசல்தான். எதுவானாலும் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் நடமாடுகிற வீட்டில் இதற்கு மன்னிப்பே கிடையாது. தகர டப்பா, மேல் தட்டு, மூடி.

*

செயின் தேய்மானம் பார்க்கத் தனிக் கருவி விற்கிறார்கள். இரும்பு ஸ்கேல் போதும். செயினில் ஒரு கண்ணிக்கு அரை இஞ்ச், ஆகவே 24 கண்ணி சரியாக 12 இஞ்ச். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் 12இல் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். அரை நூல், அதாவது 1/16 இஞ்ச் தள்ளியிருந்தால் செயினை மாற்றலாம், பல்சக்கரம் தப்பித்துவிடும். ஒரு நூல் தள்ளியிருந்தால் பல்சக்கரமும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். கியர் சைக்கிளுக்கு இந்த அரை நூலைக் கவனித்தால் பெரிய செலவு மிச்சம்.

*

சக்கரத்தில் கோட்டம் எடுப்பதை வீட்டில் எவ்வளவு தூரம் செய்வது?

பெரிய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. சுமை பின்னால் ஏறுவதால் அந்த எட்டு கூடுதல். கம்பிகள் ஒன்று விட்டு ஒன்று ஹப்பின் வலதுக்கும் இடதுக்கும் போகின்றன. ரிம் வலது பக்கம் தள்ளியிருக்கும் இடத்தில் இடது கம்பியை இறுக்க வேண்டும், அல்லது வலது கம்பியைத் தளர்த்த வேண்டும். டயர் பக்கமிருந்து நிப்பிளைப் பார்த்தால் கடிகாரச் சுற்றில் இறுகும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஃபோர்க்கில் கையை ஊன்றி ஒரு சாக்பீஸை ரிம்முக்குக் கிட்டே கொண்டுபோனால், தள்ளியிருக்கிற இடத்தில் மட்டும் வெள்ளை விழும். அந்த இடத்தில் கால் திருப்பு, அதிகம் போனால் அரைத் திருப்பு. மறுபடி சுற்று, வெள்ளையைத் துடை, மறுபடி சாக்பீஸ். இந்த அளவுக்கு வீட்டில் செய்யலாம், அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில்.

ரிம் பள்ளத்தில் விழுந்து மடங்கியிருந்தாலோ, கம்பிகள் தொடர்ந்து அறுந்துகொண்டிருந்தாலோ நம் வேலை முடிந்தது, கடைக்குப் போக வேண்டும். ஃபிரேம் வளைவு, ஹேண்டில் கப் இறக்குவது, டிஸ்க் பிரேக்கில் ஆயில் மாற்றுவது எல்லாமே அங்கேதான். பிரேக் ஆயிலில் சில கம்பெனிக்கு மினரல் ஆயில், சிலதுக்கு டாட். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பரெல்லாம் ஊதிவிடும்.

*

எங்கள் பக்கத்தில் சைக்கிள் மட்டும் பார்க்கிற கடை குறைந்துகொண்டே வருகிறது. இருந்தவை டூவீலர் பஞ்சர் கடையாக மாறிவிட்டன. மீதி இருக்கிற ஒரு பெரியவரிடம் பட்டறை போடப்போவதைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "போடுங்க சார். பஞ்சரு, பிரேக்கு, எண்ணெ, அதெல்லாம் நீங்களே பாருங்க. ஆனா கழட்டினத பையில போட்டு எடுத்தாராதீங்க. பையில வந்தா எனக்கு ரெண்டு வேல" என்றார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கோடு எனக்குக் கிடைக்கவில்லை. முழுசாக மறுபடி மாட்டி உருட்டிக்கொண்டு போக முடியாது என்று சந்தேகம் இருந்தால், அந்த நட்டில் ஸ்பேனர் வைப்பதில்லை. பாதியில் விட்டு வைக்க இடம் வேண்டும் என்று மேலே எழுதியதும் இதுவும் முரண் அல்ல. பாதியில் விடுவது மறுநாள் முடிப்பதற்காக.

*

மழைக்கு முன். ஐப்பசி வருவதற்குள் செய்ய வேண்டியது: கம்பிகளையும் ரிம்மையும் லேசாக எண்ணெய்த் துணியால் துடைப்பது, ரிம்மில் பிரேக் கட்டை படுகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு. சீட் கம்பியை வெளியே எடுத்து கிரீஸ் தடவித் திருப்பிப் போடுவது. இதைச் செய்யாமல் விட்ட சீட் கம்பி ஃபிரேமோடு ஒன்றாகி, பிறகு யார் அமர்ந்தாலும் ஒரே உயரம்தான். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் உள்ளே வியர்த்துத் துரு கூடும். பழைய வேட்டியோ சேலையோ போர்த்தினால் தூசியும் படாது, ஈரமும் தங்காது. ஓட்டாத வண்டியானாலும் மாசத்துக்கு ஒருதடவை காற்றடிக்க வேண்டும். இறங்கின டயர் ஒரே மடிப்பில் நின்று நின்று அந்த இடத்திலேயே வெடிப்பு விடும்.

*

ஆயுத பூஜைக்கு வைஸுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. விஜயதசமி அன்றைக்கே அதைத் துடைத்து எண்ணெய் தடவிவிட வேண்டும். ஈரச் சந்தனம் காய்ந்த இடத்தில் அடுத்த வருஷம்வரை துருப்பொட்டு நிற்கும். பூஜைக்காகக் கருவிகளையெல்லாம் எடுத்து வரிசையாக வைக்கிற அன்றைக்குத்தான் எது எது யார் வீட்டுக்குப் போய்த் திரும்பவில்லை என்று தெரிகிறது.

இரவல் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. பம்பு, டயர் லிவர், ஸ்பேனர் இவற்றை இங்கேயே வந்து பயன்படுத்தட்டும் என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை. நிப்பிள் கீயும் செயின் கட்டரும் பூட்டுக்குள்.

*

பாக்கி: வைஸ் வாய்க்கு வளைத்துப் போட அலுமினியத் தகடு. தங்கை பெண்ணின் உயரத்துக்கு அரசு சைக்கிளின் சீட்டை இறக்கிப் பார்ப்பது. இறங்கவில்லை என்றால் சின்ன சீட் கம்பி. ஹெர்குலிஸுக்குப் பின் டயர், 28 × 1½. கப்பிக் கயிற்றின் நுனி பிரிகிறது, நெருப்பில் காட்டி உருக்க வேண்டும். கால் மிதிக்கும் பக்கம் ஃபிளெக்ஸ் கிழிந்துவிட்டது, தேர்தல் வருகிறது.